ஐஸ்லாந்தின் கருமணல் கடற்கரை: ஒரு நாள் பயணத்துக்குத் தனி வழிகாட்டி தேவையா?

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஜூன் மாதம் ஐஸ்லாந்து போகிறோம். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், 68 வயதில் அம்மா. தென் கடற்கரையைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. வழிகாட்டியோடு தனி வண்டி எடுப்பதா, நாங்களே கார் ஓட்டுவதா? கருப்பு மணல் கடற்கரையில் பிள்ளைகளை விளையாட விடலாமா?"

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடக் கூடாது. நீங்கள் கேட்கும் அந்தக் கருமணல் கடற்கரையான ரெய்னிஸ்ஃபியாராவில் பிள்ளைகளின் கையை ஒரு நொடிகூட விடாதீர்கள். அது கால் நனைக்கும் கடற்கரை இல்லை. அலை வந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போய் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

நான் போனபோது எங்கள் வழிகாட்டி எங்களை நேராகத் தண்ணீர்ப் பக்கம் கூட்டிப் போகவில்லை. மேட்டிலேயே நிறுத்தி, "பத்து நிமிஷம் கடலை மட்டும் பாருங்கள்" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னச் சின்ன அலைகள். இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்தது பாருங்கள், காலடித் தடங்கள் இருந்த இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டு எங்களுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. திரும்பிப் போகும்போது கூழாங்கற்கள் எல்லாம் சேர்ந்து உருளும் சத்தம், மூட்டை மூட்டையாகப் புளியங்கொட்டையைக் கொட்டுவது போல. தெற்கே நடுவில் தடுக்க நிலமே இல்லாத அட்லாண்டிக், கரையை ஒட்டியே சட்டென்று ஆழமாகும் கடல். இரண்டு மூன்று அலைகள் ஒன்று சேர்ந்தால் இப்படித்தான் வரும். கடலுக்கு முதுகு காட்டி நின்று போட்டோ எடுக்காதீர்கள். 2022 முதல் அங்கே எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். நம் ஊர் மணல் மாதிரி பொடியாக இருக்காது, கடுகிலிருந்து பட்டாணி அளவு வரைக்கும் வழவழப்பான கருங்கற்கள். எல்லாம் இரும்புச் சத்து நிறைந்த பசால்ட் என்கிற எரிமலைப் பாறை உடைந்து தேய்ந்தது. பக்கத்திலேயே அடுக்கி வைத்த மாதிரி நிற்கும் கல்தூண்களும் அதே பாறைதான். கொதிக்கும் எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது விரிசல் விடும். கோடையில் வற்றிய ஏரியில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அதே கதைதான். இங்கே விரிசல் மேலிருந்து உள்ளே ஆழமாக இறங்கிப் போவதால் தூணாக நிற்கிறது. தூண்களுக்குப் பக்கத்திலுள்ள குகை வரை போக முடியுமா என்பது அன்றைய கடலைப் பொறுத்தது.

சரி, வழிகாட்டி விஷயம். தலைநகர் ரேக்யவீக்கிலிருந்து இந்தக் கடற்கரைக்குப் பக்கத்திலுள்ள வீக் ஊர் வரை ஒரு வழிக்கு ஏறக்குறைய 187 கிலோமீட்டர், போகவர ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. சாலை நல்ல சாலைதான். ஆனால் அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும், காற்று அடித்தால் கார்க் கதவைத் திறக்கவே இரண்டு கை வேண்டும். அம்மாவும் பிள்ளைகளும் இருக்கும்போது நீங்கள் இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஊரை யார் பார்ப்பது? தனி வண்டிக்குப் பெரும்பாலும் மொத்தமாகத்தான் கட்டணம். அதனால் ஐந்து பேருக்குப் பேருந்துச் சுற்றுலாவின் டிக்கெட்டைக் கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள். கூடத்தான் ஆகும். இருந்தாலும் உங்கள் குடும்பத்துக்கு நான் தனி வண்டியைத்தான் சொல்வேன்.

வழியில் எய்யாஃப்யாட்லாயோகுட்ல் மலை வரும். 2010 ஏப்ரலில் வெடித்து ஐரோப்பா முழுக்க விமானங்களை நிறுத்தியதே, அதேதான். பனிக்கு அடியில் தூங்குகிற கட்லா எரிமலை அதற்குக் கிழக்கே. 1918-இல் அது வெடித்தபோது பனி உருகி வந்த வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கரையே கடலுக்குள் நீண்டுவிட்டது. இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லையென்றால் வெறும் கருப்புத் தரையாகத்தான் கடந்து போவீர்கள்.

வழியில் வரும் இரண்டு அருவிகளும் ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். செல்யாலாண்ட்ஸ்ஃபாஸின் பின்பக்கமாக நடக்கலாம், ஆனால் பாதை வழுக்கும், அம்மாவுக்கு வேண்டாம். ஸ்கோகாஃபாஸ் தரை மட்டத்திலேயே நின்று பார்க்கலாம், அவர்களுக்கு அது பிடிக்கும். டிர்ஹோலேய் முனையில் ஜூன் மாதம் பஃபின் பறவைகள் இருக்கும். கூடு கட்டும் காலம் என்பதால் சில நேரம் மூடிவிடுவார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. ஜூனில் நள்ளிரவு வரை வெளிச்சம் இருக்கும். காலை எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. "பதினொன்றுக்குக் கிளம்பலாமா, கருமணலுக்குச் சாயங்காலம் போகலாமா?" என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பேருந்துகள் திரும்பிய பிறகு அந்த இடம் அமைதியாக இருக்கும். அம்மாவுக்குக் காதை மூடுகிற மாதிரி கம்பளிக் குல்லா ஒன்று கட்டாயம் எடுத்து வையுங்கள். அந்தக் காற்றுக்குக் குடை தாங்காது.