எம்டிஆர் டிபி மாத்திரை: பாதம் எரிந்தால் நிறுத்திவிடலாமா?

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம், படித்துவிடுகிறேன். "வணக்கம் டாக்டர். என் தம்பி லாரி ஓட்டுகிறான். எம்டிஆர் டிபி, அதாவது வழக்கமான மருந்துக்கு அடங்காத டிபி என்று சொல்லி ஆறு மாத மாத்திரை ஆரம்பித்தார்கள், இப்போது நாலாவது மாதம் ஓடுகிறது. இருமல் நின்றுவிட்டது, எடையும் ஏறியிருக்கிறது. ஆனால் மூன்று வாரமாக இரண்டு பாதமும் எரிகிறது, கால் விரல்கள் மதமதவென்று இருக்கின்றன. மாத்திரையை நிறுத்திவிடுகிறேன் என்கிறான். எங்கள் தெருவில் ஒருவர் இதே நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு உடம்பே கறுத்துப்போனார், அந்தப் பயமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று யாரோ சொன்னதால், சொல்லாமலே இருக்கிறான்."

அம்மா, முதலில் அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். கால் எரிகிறது என்று சொன்னதற்காக யாரும் சிகிச்சையை முதலிலிருந்து ஆரம்பிப்பதில்லை. சொல்லாமல் தானாக விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருபவர்களுக்குத்தான் அப்படி ஆகிறது. மூன்று வாரம் என்பதே அதிகம். நாளைக்கே போகச் சொல்லுங்கள்.

சரி, ஏன் எரிகிறது? ஆறு மாத சிகிச்சை என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பிபால்-எம் என்ற கூட்டு மருந்தாகத்தான் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 கடைசியில் பரிந்துரைத்தது, நம் நாட்டில் மத்திய அரசு 2024-ல் அனுமதித்தது. பெடாகுலின், பிரட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என்று நாலு மருந்து. இதில் கால் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் லினசோலிட்தான்.

இந்த லினசோலிட், கிருமிக்குள் புரதம் தயாராகிற இடத்தைப் போய் அடைக்கிற மருந்து. நம்முடைய செல்களுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதி இருக்கிறதே, அதற்கும் கிருமியைப் போலவே ஒரு புரதத் தயாரிப்பு உண்டு. மருந்து அதையும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடுகிறது. சாதாரண தொற்றுக்கு இதை அதிகபட்சம் 28 நாள் கொடுப்பதற்குத்தான் முதலில் அனுமதி வாங்கினார்கள். டிபிக்கு மாதக்கணக்கில் கொடுக்கிறோம், அதனால்தான் இந்தத் தொல்லை. முதலில் ரத்தம் உற்பத்தியாகிற எலும்பு மஜ்ஜை அடிவாங்கும், அது ஆரம்ப வாரங்களிலேயே தெரிந்துவிடும். நரம்புக்கு வருவது மெதுவாக, இரண்டு மூன்று மாதம் கழித்து. நீளமான நரம்பு முதலில் பாதிக்கும் என்பதால் பாதத்தில்தான் தொடங்கும். உங்கள் தம்பிக்கு நாலாவது மாதம், இரண்டு பாதமும். அச்சாக அப்படியே இருக்கிறது.

இது அரிதான விஷயமும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் மாக்ஸிஃப்ளாக்சசின் இல்லாமல் மற்ற மூன்று மருந்தையும் முதலில் சேர்த்துச் சோதித்தபோது லினசோலிட் தினமும் 1200 மில்லிகிராம் கொடுத்தார்கள். நூறு பேரில் 81 பேருக்கு நரம்புத் தொல்லை வந்தது. நோய் குணமானது, ஆனால் கால் போச்சு என்று நொந்துகொண்டவர்கள் இருந்திருப்பார்கள். அடுத்த ஆய்வில் 600 ஆகக் குறைத்து ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்புத் தொல்லை 24 சதவீதமாக இறங்கியது, குணமானவர்கள் 91 சதவீதம். அதனால்தான் இன்றைக்கு உங்கள் தம்பிக்கு 600. அதிலும் நாலில் ஒருவருக்கு வருகிறது.

போனால் என்ன செய்வார்கள்? கணுக்காலைத் தட்டிப் பார்ப்பார்கள், அதிர்வு தெரிகிறதா என்று இசைக்கவை என்ற அதிரும் கம்பியைப் பாதத்தில் வைத்துப் பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள். சர்க்கரை நோயும் இதே மாதிரி எரிச்சல் கொடுக்கும், டிபியும் சர்க்கரையும் சேர்ந்து வருவது நம் ஊரில் சகஜம். லினசோலிட்தான் என்று முடிவானால், அதை மட்டும் 300 ஆகக் குறைப்பார்கள், அல்லது கொஞ்ச நாள் நிறுத்திவைப்பார்கள். முதல் ஒன்பது வாரம் முழு அளவு போயிருந்தால் குறைப்பதற்கு இடம் இருக்கிறது, உங்கள் தம்பி அதைத் தாண்டிவிட்டார். இப்போதே குறைத்தால் நரம்பு மெல்ல மெல்லத் தேறும், மாதக்கணக்கு ஆகும். முட்டி வரைக்கும் ஏறுகிற வரை பொறுத்துக்கொண்டு போனால் சிலருக்கு அது திரும்புவதே இல்லை. லாரி ஓட்டுகிறவருக்கு பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பாதத்தில் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். இது அடங்குகிற வரை வண்டி எடுக்க வேண்டாம்.

அப்படியென்றால் நானே லினசோலிட்டை மட்டும் விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. எல்லாவற்றையும் மொத்தமாக விடுவது அதைவிட மோசம். பலருக்கும் தெரியாத காரணம் ஒன்று சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தினால் லினசோலிட்டும் மாக்ஸிஃப்ளாக்சசினும் ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். பெடாகுலின் போகாது. அது உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்தரை மாதம் போல ஆகும். ஆக, மிச்சம் இருக்கிற கிருமியோடு பெடாகுலின் மட்டும், அதுவும் குறைந்த அளவில், மாதக்கணக்கில் தனியாக நிற்கும். கிருமி அதற்கும் பழகிக்கொள்ள இதைவிட வசதி வேண்டுமா? அப்புறம் கையில் இருக்கிற மருந்தில் மிக நல்லதையே இழந்து நிற்போம். சளியில் கிருமி இல்லை என்ற ரிசல்ட் வந்திருந்தாலும் இதேதான்.

வீட்டில் செய்கிற சில காரியங்களும் சிக்கலாகும். கால் எரிகிறது என்று சுடுதண்ணீரில் உப்புப் போட்டு முக்கி வைப்பார்கள். சூடு தெரியாத பாதத்தில் கொப்புளம்தான் மிஞ்சும். நரம்பு வலிக்கு, தூக்கத்துக்கு என்று அமிட்ரிப்டிலின் மாத்திரை எழுதி வாங்கும் பழக்கம் உண்டு. லினசோலிட் ஓடும்போது அது சேராது, மனச்சோர்வுக்கான பல மாத்திரைகளும் அப்படித்தான். வாந்தி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டான்செட்ரான் கேட்டு வாங்குகிறோம். பெடாகுலினும் மாக்ஸியும் ஏற்கெனவே இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை நீட்டுகிற மருந்துகள், அதற்காகத்தான் அடிக்கடி ஈசிஜி எடுக்கிறார்கள். ஆன்டான்செட்ரானும் அதே வேலையைச் செய்யும். எந்த மருந்து வாங்கினாலும் டிபி மாத்திரை அட்டையைக் காட்டி டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். படபடப்பு, மயக்கம் வந்தால், வாந்திபேதி நிற்காமல் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, இது நிறைய நடக்கிறது. லினசோலிட்டால் ரத்தம் குறைந்து உடம்பு வெளுத்தால், இரும்புச்சத்து மாத்திரை வாங்கி மற்றதோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். இரும்பு மாக்ஸியை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், மாக்ஸி ரத்தத்தில் சேராது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரியான டானிக்கும் இப்படித்தான். பல மணி நேரம் இடைவெளி வேண்டும், எத்தனை மணி என்று டாக்டர் சொல்வார். பெடாகுலினும் பிரட்டோமானிட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டியவை, வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. குடியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, கல்லீரல் தாங்காது.

காலுக்கு நாளைக்குப் போகலாம் என்றேன். கண்ணுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். பார்வை மங்கினால், சிவப்பும் பச்சையும் வெளுத்துத் தெரிந்தால், அன்றைக்கே போக வேண்டும். லினசோலிட் கண் நரம்பையும் தாக்கும். டாக்டர் பார்த்து உடனே நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பும், தாமதித்தால் உத்தரவாதம் கிடையாது. வீட்டிலேயே ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு காலண்டரில் தேதியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்.

தெருவில் கறுத்துப்போனவர் கதை வேறு. அது குளோஃபாசிமின், தொழுநோய்க்கும் கொடுக்கிற மருந்து. ஒன்பது மாதம், ஒன்றரை வருடம் என்று போகிற சிகிச்சைகளில் இருக்கும், உங்கள் தம்பியுடைய பிபால்-எம்மில் இல்லை. அவருக்குமே மருந்து முடிந்து மாதங்கள், சில சமயம் வருடம் ஆகி நிறம் திரும்பிவிடும். பார்ப்பவர்கள் கேட்கிற கேள்விதான் அவருக்குப் பெரிய வேதனையாக இருந்திருக்கும். முன்பு இதே டிபிக்குக் கனாமைசின் ஊசி போட்டுக் காது கேட்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறோம், அது திரும்பவே திரும்பாது. நல்லவேளை, அந்த ஊசியை இப்போது யாருக்கும் எழுதுவதில்லை.

யாரிடம் போவது? மாத்திரை கொடுக்கிற ஹெல்த் விசிட்டரிடம் சொன்னாலே போதும், மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிற மருந்து எதிர்ப்பு காசநோய் மையத்துக்கு அவரே அனுப்பிவிடுவார். அவரைப் பிடிக்க முடியவில்லை என்றால் 1800 11 6666, காசு இல்லாத எண். போகும்போது மாத்திரை அட்டை, கடைசி ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எரிச்சல் எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எங்கிருந்து எதுவரை ஏறியிருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு மருந்தைக் குறைக்கிற முடிவெடுக்க வசதியாக இருக்கும். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.