ஒரு கவுன்சிலர் விலகினால் அடுத்து என்ன? லண்டன் பரோ இடைத்தேர்தல்

[திரையில்: ஹாரோ பரோவின் வரைபடம், வார்டு எல்லைகளுடன்]

லண்டனில் 32 பரோக்கள், அதாவது தனித்தனிக் கவுன்சில் உள்ள உள்ளாட்சிப் பகுதிகள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, மே மாத முதல் வியாழக்கிழமை, எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். 2018, 2022, 2026 என்று போகிறது வரிசை. தமிழர்கள் நிறைய வாழும் ஹாரோவையே எடுத்துக்கொள்வோம். 22 வார்டு, வார்டுக்கு இரண்டு அல்லது மூன்று பேராக மொத்தம் 55 கவுன்சிலர்கள். குப்பை அள்ளுவது, பார்க்கிங், கட்டட அனுமதி, முதியோர் பராமரிப்பு எல்லாம் இவர்கள் கையில்.

இவர்களில் ஒருவர் நடுவில் விலகினால்? இடம் காலியானதும் கவுன்சில் தானாகவே தேர்தல் தேதி குறித்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

ராஜினாமா கடிதம் உரிய அதிகாரியின் கைக்குப் போனதுமே பதவி போய்விடும். காலியிட அறிவிப்பும் ஒட்டப்படும். ஆனால் 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், 89ஆம் பிரிவுப்படி, அந்தப் பரோவின் வாக்காளர்கள் இரண்டு பேர் "இந்த இடம் காலியாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நாள் எண்ணத் தொடங்கும். அன்றிலிருந்து 35 வேலை நாட்களுக்குள் தேர்தல் முடிய வேண்டும். யார் வேண்டுமானாலும் அந்த இரண்டு பேராக இருக்கலாம். நடைமுறையில் கட்சிக்காரர்கள்தான். தங்களுக்குத் தோதான வாரம் வரும்வரை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள். எதிர்க்கட்சி முந்திக்கொண்டால் திட்டம் தலைகீழ்.

கடிதமே தேவைப்படாத வழியும் உண்டு. அனுமதி பெறாமல் தொடர்ந்து ஆறு மாதம் ஒரு கூட்டத்துக்கும் வராத கவுன்சிலர் பதவியை இழப்பார். அப்போது கவுன்சிலே காலியிடத்தை அறிவிக்க வேண்டும். 35 நாளும் அந்த அறிவிப்பிலிருந்து ஓடும்.

ஒரு விதிவிலக்கு. பதவிக்காலம் முடிய ஆறு மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது இடம் காலியானால் இடைத்தேர்தல் கிடையாது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடங்கள் காலியானால் ஒழிய. அதாவது தேர்தலுக்கு முந்தைய நவம்பர் முற்பகுதியிலிருந்து யார் விலகினாலும் மே வரை அந்த நாற்காலி சும்மாதான் கிடக்கும்.

[திரையில்: நாட்காட்டி. வாக்குப்பதிவு நாளிலிருந்து பின்னோக்கி நகரும் அம்புக்குறி]

இனி எல்லாக் கெடுவையும் வாக்குப்பதிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை கணக்கில் வராது. தேர்தல் அறிவிப்பு 25 வேலை நாளுக்கு முன்பே வந்துவிட வேண்டும். வேட்புமனுவுக்குக் கடைசி நேரம் 19ஆவது நாள் மாலை 4 மணி. வாக்காளராகப் பதிய 12ஆவது நாள் நள்ளிரவு வரை. தபால் வாக்கு கேட்க 11ஆவது நாள் மாலை 5. பதிலாள் வாக்குக்கும் (நமக்காக இன்னொருவர் போடுவது), படமுள்ள அடையாள அட்டை இல்லாதவர்கள் வாங்கும் இலவசச் சான்றிதழுக்கும் 6ஆவது நாள் மாலை 5. ஈஸ்டர் நடுவில் வந்தால் வெள்ளியும் திங்களும் கழிந்துபோகும். மனக்கணக்கு போட்டவர்கள் தவறுவது அங்கேதான்.

வேட்பாளர் பக்கம் வருவோம். டெபாசிட் கிடையாது, ஆகவே "டெபாசிட் பறிபோனது" என்ற தலைப்புச் செய்திக்கு இங்கே வேலையில்லை. முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர் போதும், இருவரும் அதே வார்டின் வாக்காளர்களாக இருந்தால். முன்பு பத்துக் கையெழுத்து தேவைப்பட்டது. சுலபம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே ஓர் இடத்துக்கு நடக்கும் இடைத்தேர்தலில் ஒரு வாக்காளர் ஒரே ஒரு மனுவில்தான் கையெழுத்திடலாம். தெரிந்தவர் கேட்டார் என்று இரண்டாவது மனுவிலும் போட்டால், பிந்திக் கொடுக்கப்பட்ட மனுவில் அந்தக் கையெழுத்து செல்லாது. இரண்டே கையெழுத்து உள்ள மனுவில் ஒன்று போனால் மனுவே போச்சு.

அடுத்த கண்ணி, வாக்காளர் எண். பட்டியலில் உள்ளபடி வாக்குச்சாவடிப் பகுதியின் எழுத்துகளையும் எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். பழைய பட்டியலைப் பார்த்து எழுதினால் எண் மாறியிருக்கும். கட்சி வேட்பாளர் என்றால் கட்சி கொடுத்த அங்கீகாரச் சான்றிதழும் அதே கெடுவுக்குள் வந்தாக வேண்டும். மனுவில் எழுதும் கட்சிப் பெயர் அதிலிருந்து ஒரு சொல்கூடப் பிசகக்கூடாது. மனுவை நேரில்தான் கொடுக்க வேண்டும், மின்னஞ்சலில் அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். கடைசி நாள் மூன்றரை மணிக்கு ஓடாமல் இரண்டு நாள் முன்னதாகவே போனால், தேர்தல் அலுவலகத்தில் பிழை பார்த்துச் சொல்வார்கள். திருத்த நேரமும் இருக்கும்.

யார் நிற்கலாம், யார் வாக்களிக்கலாம் என்பதில் நம்மவர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள். அந்தக் குடியுரிமையோடு, மாணவர் விசாவோ வேலை விசாவோ எதில் சட்டப்படி இங்கே இருந்தாலும், 18 வயது நிறைந்தவர் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. ஆனால் வேட்பாளராக நிற்க அந்த விசா போதாது; காலவரையற்ற வசிப்புரிமை வேண்டும். அதோடு பரோவின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அல்லது 12 மாதமாக அங்கே குடியிருக்கவோ முதன்மையாக வேலை செய்யவோ வேண்டும். அந்தக் கவுன்சிலிலேயே சம்பளம் வாங்குபவர் நிற்க முடியாது.

[திரையில்: வாக்காளர் பட்டியல் வரியும் பாஸ்போர்ட் பக்கமும் அருகருகே]

2023 மே முதல் இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு வாக்குச்சாவடியில் படமுள்ள அடையாள அட்டை கட்டாயம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டும் செல்லும். காலாவதியானதாக இருந்தாலும் படம் இப்போதைய முகத்தோடு ஒத்துப்போனால் போதும். முதியோரின் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸ் செல்லும். இளைஞர்களின் 18+ ஆய்ஸ்டர் பயண அட்டை செல்லாது. இது நியாயமா என்ற விவாதம் தனி.

நமக்குச் சிக்கல் பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். இணையத்தில் பதியும்போது இனிஷியலை மட்டும் போட்டிருப்போம். சிறு வேறுபாட்டை அலுவலர் விட்டுவிடலாம். பெயரே வேறு என்றால் வாக்குச்சீட்டு தரமாட்டார். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள். பதியும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிலுள்ளபடி எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

தபால் வாக்கில் வேறு வகைத் தவறுகள். உள்ளே ஒரு உறுதிமொழித் தாள் இருக்கும். பிறந்த தேதி கேட்கும் இடத்தில் அன்றைய தேதியை எழுதிவிடுகிறார்கள், வாக்கு தள்ளுபடி. விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டவர் இதில் ஆங்கிலத்தில் போட்டால் ஒப்பிடும்போது பொருந்தாது. கணவன் மனைவி தாள்கள் உறை மாறிப்போவதும் உண்டு. தபாலில் சேர்க்க நேரமில்லையென்றால் வாக்குச்சாவடியில் இரவு 10 மணிக்குள் கொடுக்கலாம்: தன்னுடையது தவிர இன்னும் ஐந்து பேருடையது வரை, ஒரு படிவம் நிரப்பி. படிவம் நிரப்பாமல் போட்டுவிட்டு வந்தால் அத்தனையும் கழிக்கப்படும். பிரசாரம் செய்பவர்கள் நெருங்கிய குடும்பத்தார் அல்லாதவர்களின் தபால் வாக்கைத் தொடவே கூடாது. வீடு தேடி வந்து "நான் போட்டுவிடுகிறேன்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

வாக்குப்பதிவு காலை 7 முதல் இரவு 10 வரை. பத்து மணிக்கு வரிசையில் நின்றிருந்தால் சீட்டு உண்டு. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் கவுன்சில் தேர்தலில் மூன்று பேர் வரை குறியிட்டுப் பழகியவர்கள் இடைத்தேர்தலிலும் மூன்று பெருக்கல் குறி போட்டுவிடுகிறார்கள். ஓர் இடத்துக்கு ஒரு குறிதான். மிஞ்சினால் செல்லாத வாக்கு. சீட்டில் பெயரோ கையெழுத்தோ எழுதினாலும் அதே கதி.

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பது போலத் தோன்றலாம். வாக்குப்பதிவு 30 சதவீதத்தைத் தாண்டாத இடைத்தேர்தல்கள் இங்கே சாதாரணம், அதனால் வெற்றி வித்தியாசம் சில பத்து வாக்குகளில் நிற்பதும் உண்டு. சமமாக முடிந்தால் குலுக்கல்தான். 2017இல் நார்தம்பர்லாந்து கவுன்டியின் சவுத் பிளைத் வார்டில் மறு எண்ணிக்கைக்குப் பிறகும் சமநிலை. குச்சி இழுத்துத் தீர்த்தார்கள். நீளக் குச்சி லிபரல் டெமாக்ரட் கையில் வந்தது. கன்சர்வேடிவ் கட்சி ஒரே ஓர் இடத்தில் பெரும்பான்மையைத் தவறவிட்டது.

[திரையில்: 960 + (10,000 × 0.08) = 1,760 பவுண்டு]

முடிவு வந்த பிறகு வெற்றி பெற்றவர் இரண்டு மாதத்துக்குள் பதவியேற்புப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் இடம் மறுபடி காலி. மீதமுள்ள பதவிக்காலம் மட்டுமே அவருக்கு. தேர்தலை எதிர்த்து மனு போட 21 நாள்.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் உண்டு, தோற்றவருக்கும். உச்சவரம்பு 960 பவுண்டும், வார்டின் ஒவ்வொரு வாக்காளருக்கும் 8 பென்சும். பத்தாயிரம் பேர் உள்ள வார்டில் 1,760 பவுண்டு. துண்டறிக்கை, விளம்பரப் பலகை எல்லாம் அதற்குள். முடிவு அறிவித்து 35 நாளுக்குள் கணக்கு போய்ச் சேர வேண்டும். ஒரு பென்னிகூடச் செலவழிக்காதவர் பூஜ்யம் என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும்.