பெயரில் மட்டும் ஒரு முதலை

நண்பர்களே, இன்று நாம் கரீபியன் கடலில் இருக்கும் கேமன் தீவுகளுக்குப் போகிறோம். பெயரைக் கேட்டதுமே, வரிக்குத் தப்பப் பணக்காரர்கள் அங்கே வைக்கும் வங்கிக் கணக்கு நினைவுக்கு வந்து சிலர் சிரிக்கிறீர்கள். சரி, அது வேறு கூட்டத்துக்கான பேச்சு. நான் பேச வந்தது அங்கே வாழும் உயிர்களைப் பற்றி.

1503 மே 10. காற்று திசைதிருப்பிவிட, கொலம்பஸின் கப்பல்கள் இரண்டு சின்னத் தீவுகளின் பக்கம் வந்து சேர்ந்தன. எங்கு பார்த்தாலும் ஆமை. ஆகவே 'லாஸ் டோர்ட்டுகாஸ்', அதாவது ஆமைத் தீவுகள் என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் கண்ணில் முதலை பட்டது. முதலையைக் குறிக்கும் 'கேமன்' என்ற சொல்லே நிலைத்துவிட்டது. ஆமைகளை மாலுமிகள் பிடித்துத் தின்றே தீர்த்தார்கள். ஆமையை மல்லாத்திப் போட்டால் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்தக் காலக் கப்பலுக்கு அதுதான் ஃபிரிட்ஜ். முதலையும் அழிந்துபோனது. பெயர் மட்டும் மிச்சம்.

கிராண்ட் கேமன், லிட்டில் கேமன், கேமன் பிராக் என மூன்று தீவுகள். மொத்தமே 260 சதுர கிலோமீட்டர் சொச்சம். கடலுக்கடியில் கிடக்கும் மலைத்தொடரின் உச்சிகள் இவை. தெற்கே போனால் 7,600 மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளம். தரையெல்லாம் ஓட்டை விழுந்த சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும், ஆறு என்று ஒன்றுகூடக் கிடையாது. வண்டலைக் கொண்டுவர ஆறில்லாததால்தான் கடல் அவ்வளவு தெளிவு, பவளப்பாறைகளும் அத்தனை செழிப்பு.

லிட்டில் கேமனில் ஒரு குளம். அதைச் சுற்றிச் செங்கால் பூபிப் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, மாலையில் குஞ்சுக்கு இரையோடு திரும்பும். கரையோரம் கப்பற்பறவைகள் காத்திருக்கும். துரத்தித் துரத்தி, பூபி விழுங்கியதைக் கக்க வைத்து, அது கீழே விழுமுன் கவ்விக்கொள்ளும். பட்டப்பகல் கொள்ளை என்போமே, இது அந்திக் கொள்ளை!

அப்புறம் நீல இகுவானா. கிராண்ட் கேமனைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத, ஒன்றரை மீட்டர் நீளம் வரை வளரும் பெரிய ஓணான். குளிரில் சாம்பல் நிறமாகக் கிடக்கும். வெயில் ஏற ஏற நீலம் பூக்கும். நாய், பூனை, கார் எல்லாம் சேர்ந்து, 2002-இல் காட்டில் 25-க்கு மேல் இல்லை என்ற நிலை. கூண்டில் முட்டை பொரிக்க வைத்து, பூனைக்குத் தப்பும் அளவுக்கு வளர்த்து விட ஆரம்பித்தார்கள். 2018-இல் ஆயிரமாவது இகுவானாவை விட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு அக்டோபரில் அதே தீவில் இன்னொரு இகுவானாவைக் கொல்லக் கூலி கொடுத்து ஆள் வைத்தார்கள். செல்லப் பிராணியாக வந்து பெருகிப்போன பச்சை இகுவானா அது. இதுவரை 10 லட்சத்துக்கும் மேல் கொன்றிருக்கிறார்கள். எனக்கு இதில் சங்கடம் உண்டு. ஆனால் அவர்களுக்கு வேறு வழி இருந்ததாகவும் தெரியவில்லை.

வளர்த்து விட்ட ஒவ்வொரு நீல இகுவானாவின் பிடரி முள்ளிலும் நிற நிறமாய்ப் பாசிமணி கோத்திருப்பார்கள், அடையாளத்துக்கு. மணியே இல்லாத குட்டி ஒன்று பாதையைக் கடந்தால்தான் அவர்களுக்குக் கூடுதல் சந்தோஷம். அது காட்டிலேயே பொரிந்த குட்டி.