எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் வண்டியே வேக வண்டியாக இருக்கலாமா என்பது கேள்வி. கூடவே கூடாது என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய தம்பி பலத்த கைதட்டல் வாங்கினார். என்ன சொன்னார்? "நீச்சல் கற்க வேண்டுமானால் ஆற்றில் இறங்க வேண்டும். எதிரணியினர் பிள்ளைகளுக்கு வாளித் தண்ணீரில் நீச்சல் சொல்லித் தருகிறவர்கள்" என்றார். தம்பி, நான் வைகைக் கரைக்காரன். நீச்சலைப் பற்றி என்னிடமா பேசுகிறீர்கள்?

நாங்கள் கிணற்றில் கற்றோம். முதுகில் சுரைக்குடுவை, இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அப்பா படியில் நிற்பார். ஒரு வாரத்தில் குடுவை போகும். பிறகு கயிறு போகும். அப்பா மட்டும் படியை விட்டுப் போக மாட்டார். அதற்கப்புறம்தான் ஆறு. அதுவும் எந்த நாளில்? வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியானால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. 71 அடி தேக்குகிற அணை, கரையில் இருப்பவனை மூன்று முறை கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரைத் திறக்கிறது. ஆற்றில் இறங்கு என்கிறீர்களே தம்பி, மூன்றாவது எச்சரிக்கை வந்த நாளிலா இறங்கச் சொல்வீர்கள்? அப்பா ஓட்டும் 100 சிசி வண்டியில் இருப்பது ஏறக்குறைய 8 குதிரைத்திறன். பிள்ளை கேட்கும் 390 சிசி வண்டியில் 40-க்கும் மேல். வெள்ளம் என்று நான் சொல்வது அதைத்தான். அந்த வண்டி எத்தனை முறை எச்சரிக்கும்?

என் அக்கா மகன் கதையைச் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்தான், பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. வண்டி வேண்டும் என்றான். வாங்கித் தரவில்லை என்றால் சாப்பிட மாட்டேன் என்று இரண்டு நாள் படுத்துவிட்டான். அக்கா வளையலை அடகு வைத்தாள். மீதிப் பணத்தை நான் கொடுத்தேன். தாய்மாமன் அல்லவா? மூன்று லட்சத்துக்கும் மேல். கடையிலிருந்து நேராக ஊர்க் கோயில் வாசலுக்கு வந்தோம். மாலை போட்டு, சந்தனம் வைத்து, இரண்டு சக்கரத்துக்கும் கீழே ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்தார் பூசாரி. "மெதுவாக எடு தம்பி, பழம் நசுங்க வேண்டும்" என்றார்.

மெதுவாக. அந்த ஒரு சொல்தான் அந்த வண்டிக்குத் தெரியாது.

கிளட்சை விட்டான். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. முன்னால் இருந்த பழம் உருண்டு என் காலடிக்கு வந்தது. பின்சக்கரத்துப் பழம் தெறித்துக் கோயில் குளத்தில் விழுந்தது. வண்டி நேராகப் பூசாரியை நோக்கிப் போனது. அவர் தேங்காய்த் தட்டைப் போட்டுவிட்டுப் படியேறினார். அறுபது வயது மனிதர், நான்கு படியை ஒரே தாவலில்! தட்டு நசுங்கியது, தேங்காய் உடைந்தது, மாலை அறுந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, நடுவர் அவர்களே. மறுபடியும் சொல்கிறேன், நசுங்க வேண்டிய ஒரே பொருள் நசுங்கவில்லை! ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கே சாவியை வாங்கிப் பையில் போட்டிருக்க வேண்டியவன் நான்.

அவன் உரிமம் இல்லாதவன் இல்லை. அவன் அப்பாவின் 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி வாங்கினான். நம் நாட்டில் அப்படி எட்டுப் போட்டவன் மறுநாளே எத்தனை சிசி வண்டியையும் ஓட்டலாம். 18 வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டம் திருத்தினார்கள். 18 முடிந்த மறுநாள் அந்தச் சட்டமும் ஒதுங்கிக்கொள்கிறது. அப்புறம் படியில் நிற்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்றார்கள். இருக்கட்டும், நல்லது. பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். வளைவில் மணல் கிடந்தால் எந்த வேகத்தில் வர வேண்டும் என்று சொல்லித் தராது. கண் பார்த்து, கை பிரேக்கைத் தொட ஒரு நொடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடிக்குள் வண்டி 11 மீட்டர் போய்விடும். 80-இல் 22 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரமோ இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. இதை அவன் பிளஸ் டூ இயற்பியலில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்!

என் அக்கா இரவு ஒன்பதரைக்குத் திண்ணையில் வந்து உட்காருவாள். மூன்று தெருவுக்கு அப்பால் வரும்போதே அந்த வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியும். சத்தம் கேட்டதும் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துத் தோசைக் கல்லைப் போடுவாள். ஒரு நாள் பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, சத்தம் வரவில்லை. தொலைபேசிதான் வந்தது.

உயிரோடு இருக்கிறான். தொடையில் கம்பி, முழங்காலில் தகடு. மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும், "மாமா, நான் வேகமாகப் போகவில்லை மாமா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த வண்டியில் 80 என்பது அவனுக்கு வேகமாகவே தெரியவில்லை.

அன்று என் காலடியில் உருண்ட பழத்தை அக்கா முந்தானையில் முடிந்து கொண்டுவந்து சாமி மாடத்தில் வைத்திருந்தாள். காய்ந்து கறுத்துக் கல்லாகிவிட்டது. போன வாரம், "எடுத்துப் போட்டுவிடு அக்கா" என்றேன். "அவன் கம்பு ஊன்றாமல் நடக்கட்டும் தம்பி, அப்புறம் எடுக்கிறேன்" என்றாள். பத்து மாதம் ஆகிறது.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். என் அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.