தண்டனைப் பதிவேட்டில் ஒரு பூட்டன்

பெரியோர்களே, தோழர்களே, வணக்கம்.

சங்கம் வைத்ததற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்ட ஒருவர் உங்கள் வம்சத்தில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தேடிப் புறப்பட்டால் முதலில் கையில் கிடைப்பது, அவரைப் பிடித்துத் தண்டித்தவர்கள் எழுதிய தாள்தான். எதிராளியின் எழுத்தை வைத்துக்கொண்டு நம் ஆளை அடையாளம் காண வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று சொல்ல, 1834-இல் இங்கிலாந்தின் டார்செஸ்டர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கை எடுத்துக்கொள்கிறேன்.

டார்செட் மாவட்டத்தில் டால்பட்டல் என்றொரு சின்ன கிராமம். பண்ணைக் கூலிகளுக்கு வாரத்துக்கு 9 ஷில்லிங் கிடைத்துவந்தது. அது 8 ஆயிற்று, 7 ஆயிற்று, அடுத்து 6 என்றார்கள். 1833-இல் அவர்கள் சங்கம் கட்டினார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமல்ல. தடைச் சட்டங்களை 1824-லேயே நீக்கிவிட்டார்கள். ஆகவே அந்த வட்டாரப் பண்ணையாரும் மாஜிஸ்திரேட்டுமான ஜேம்ஸ் ஃபிராம்ப்டன், உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுக்குக் கடிதம் எழுதி வேறு வழி தேடினார். கிடைத்தது 1797-ஆம் ஆண்டுச் சட்டம். கடற்படைக் கலகத்துக்குப் பிறகு, ரகசியப் பிரமாணங்களை ஒடுக்கக் கொண்டுவந்தது. சங்கத்தில் சேர வந்தவர்களின் கண்ணைக் கட்டி, எலும்புக்கூட்டுப் படத்தின் முன்னால் பிரமாணம் வாங்கியிருந்தார்கள். அதுதான் குற்றம். பிப்ரவரி 24-இல் ஆறு பேர் கைது, மார்ச்சில் விசாரணை, ஆளுக்கு 7 ஆண்டு தீவாந்தரம். யாருக்கும் தீங்கு செய்யவில்லை, நாங்களும் எங்கள் மனைவி மக்களும் பட்டினியில் சாகாமல் இருக்கத்தான் ஒன்று சேர்ந்தோம் என்று அந்த ஆறு பேரில் ஒருவரான ஜார்ஜ் லவ்லெஸ் நீதிபதிக்கு எழுதிக் கொடுத்தார். நீதிபதி அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த ஆறு பேரின் வழியில் வந்தவர்கள் இன்று தேடினால் என்ன கிடைக்கும்? லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் நாடு கடத்தல் பதிவேடுகள் இருக்கின்றன. எந்த நீதிமன்றம், எத்தனை ஆண்டு, எந்தக் கப்பல் என்று ஒவ்வொரு கைதிக்கும் ஒரு வரி. ஐந்து பேர் 'சர்ரி' கப்பலில் சிட்னிக்குப் போனார்கள். ஜார்ஜ் லவ்லெஸ் மட்டும் 'வில்லியம் மெட்காஃப்' கப்பலில், இன்று டாஸ்மேனியா என்கிற தீவுக்கு. அங்கே இறங்கிய கைதிகளின் உயரம், கண்ணின் நிறம், உடம்பிலுள்ள தழும்பு, படிக்கத் தெரியுமா, என்ன தொழில் என்பதையெல்லாம் குறித்து வைத்தார்கள். டாஸ்மேனியக் கைதிப் பதிவுகளை இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். ஒரு பண்ணைக் கூலியின் கண் என்ன நிறம் என்று அரசாங்கம் எழுதி வைத்ததற்கு ஒரே காரணம் அவனைக் குற்றவாளியாக்கியதுதான். சும்மா விட்டிருந்தால் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மாதா கோயில் புத்தகத்தில் மூன்று வரியோடு அவன் கதை முடிந்திருக்கும். என்னை உலுக்குகிற விஷயம் இது.

ஆனால் அந்தத் தாளை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆறாவது ஆள் ஜேம்ஸ் ஹாம்மெட். அந்தப் பிரமாணக் கூட்டத்தில் அவர் இல்லவே இல்லை, இருந்தவர் உடன்பிறந்த ஜான் ஹாம்மெட் என்பதுதான் ஆராய்ந்தவர்கள் பலரின் முடிவு. ஜானின் மனைவி அப்போது கர்ப்பிணி. ஆள் மாறிப் பிடித்தபோது ஜேம்ஸ் வாய் திறக்காமல் போய்விட்டார். நீதிமன்றப் பதிவில் இதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. ஜானின் வழியில் வந்தவர்கள் பதிவேட்டை மட்டும் பார்த்தால், இந்த வழக்குக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று மூடி வைத்துவிடுவார்கள். அந்த 7 ஆண்டு அவர்கள் வீட்டுக்கு வந்த தண்டனை அல்லவா?

அடுத்தது, பெண்களின் வழியாகத் தேடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் லவ்லெஸ், ஸ்டாண்ட்ஃபீல்ட், பிரைன், ஹாம்மெட் என்று நான்கு தனித்தனிக் குடும்பங்கள் தெரியும். ஜார்ஜும் ஜேம்ஸ் லவ்லெஸும் அண்ணன் தம்பி. அவர்களுடைய சகோதரி டினையா, தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் மனைவி. ஆக, தாமஸோடு தண்டிக்கப்பட்ட அவர் மகன் ஜான் ஸ்டாண்ட்ஃபீல்டுக்கு லவ்லெஸ் சகோதரர்கள் தாய்மாமன்கள். மன்னிப்புக் கிடைத்துத் திரும்பிய பிறகு, 1839-இல், ஜேம்ஸ் பிரைன் தாமஸின் மகள் எலிசபெத்தைக் கட்டிக்கொண்டார். ஹாம்மெட் நீங்கலாக ஐந்து பேரும் ஒரே உறவுக் கூட்டம், மெதடிஸ்ட் என்ற தனிக் கிறிஸ்தவச் சபைக்காரர்கள். இங்கே தேடுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு 1837-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியதென்றால் ஊர்க் கோயில் புத்தகத்தோடு மெதடிஸ்ட் சபையின் பதிவேட்டையும் புரட்ட வேண்டும்.

புருஷன்மார் கப்பலேறிய பின் இந்தப் பெண்கள் ஊர் நிவாரணம் கேட்டுப் போனார்கள். ஃபிராம்ப்டன் மறுத்துவிட்டார். சங்கத்துக்குக் கொடுக்கக் காசு இருந்ததே, இப்போது எதற்கு நிவாரணம் என்பது அவர் நியாயம். அவர்களைக் காப்பாற்றியது தொழிலாளர்கள் திரட்டிய நிதி. 1834 ஏப்ரல் 21-இல் லண்டனில் பெரும் ஊர்வலம் நடந்தது, 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு போயிற்று. 1836 மார்ச்சில் முழு மன்னிப்பு வந்தது. திரும்பியவர்களுக்கு எசெக்ஸ் மாவட்டத்தில் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்ததும் அதே நிதிதான்.

அங்கேயும் பண்ணையார்களின் பகை விடவில்லை. 1840-களில் ஐந்து குடும்பங்களும் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரை ஒட்டிக் குடியேறின. பழைய கதையைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வாழ்ந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த மௌனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கைதி என்ற பெயர் பிள்ளைகளைத் தொடரக் கூடாது என்று நினைக்கும் தகப்பனின் பயம் அது. ஆனால் அங்கே பிறந்த சந்ததி பின்னோக்கித்தான் வர வேண்டியிருக்கிறது. அங்குள்ள சைலோம் கல்லறையில் 1874-இல் அடக்கமான ஒரு விவசாயி, ஜார்ஜ் லவ்லெஸ். கனடாவின் கணக்கெடுப்பில் 'பிறந்த இடம் இங்கிலாந்து'. அதற்கு முந்தைய சுவடு எசெக்ஸில், கிரீன்ஸ்டெட் என்ற ஊரின் பழைய மரக் கோயிலில், பிரைனின் கல்யாணப் பதிவு. அங்கிருந்துதான் டார்செட்டுக்கு வழி திறக்கிறது.

டால்பட்டலுக்கே திரும்பி வந்து வாழ்ந்தவர் ஹாம்மெட் ஒருவர்தான். கட்டட வேலை செய்து பிழைத்தார். 1891-இல் டார்செஸ்டர் ஏழை விடுதியில் இறந்தார். அந்த இறப்புப் பதிவு ஒன்றை மட்டும் எடுத்தால் அவர் ஒரு கதியற்ற கிழவர். டார்செஸ்டர் தீர்ப்பை மட்டும் எடுத்தால் சட்டவிரோதப் பிரமாணக்காரர். 1875-இல் விவசாயத் தொழிலாளர் சங்கம் மேடையேற்றி அவருக்குத் தங்கக் கடிகாரம் கொடுத்தது இந்த இரண்டு தாளிலும் வராது. ஆகவே உங்கள் பூட்டனின் தீர்ப்பு நகல் கிடைத்த அன்றைக்குத் தேடலை நிறுத்திவிடாதீர்கள். மனுக்களையும் மன்னிப்பு ஆணைகளையும் அந்தக் காலத்துத் தொழிலாளர் பத்திரிகைகளையும் அதற்கடுத்துக் கேட்டு வாங்குங்கள்.