மாரி முடிந்தது, மோட்டார் சைக்கிள் எழும்பவில்லை

[காட்சி: தகரக் கொட்டில். பாதி விலக்கிய நீலப் படங்கு. உள்ளே பழைய ஹொண்டா சிடி 125.]

வணக்கம். இது என் மாமாவுடைய மோட்டார் சைக்கிள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஐப்பசி மழை பிடித்து ஒழுங்கையில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கொட்டிலுக்குள் தள்ளி, படங்கால் மூடிவிட்டார். இப்போது மாசி. காலையிலிருந்து இருபது கிக் அடித்துவிட்டேன், ஒரு செருமல்கூட இல்லை. மாமா திண்ணையிலிருந்து சொன்னார்: "மருமகன், காலை முறிச்சிப் போடாதீங்க. முதல்ல என்னெண்டு பாருங்க."

சரி, பார்ப்போம். குளிர்நாட்டு வீடியோக்களில் இந்தப் பிரச்சினைக்குப் பனிக்காலத்தைச் சொல்வார்கள். மட்டக்களப்பில் பனி எங்கே? இங்கே எதிரி ஈரமும் உப்புக்காற்றும். படங்கு மழையைத் தடுத்தது உண்மை. தரையிலிருந்து எழும்பிய ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்ததும் அதே படங்குதான்.

[காட்சி: எண்ணெய் மூடி திறக்கப்படுகிறது.]

நான் கிக் அடிக்கும் முன்பே செய்திருக்க வேண்டியது இது. எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கிக்கரைத் தொடாமல் எண்ணெயை வடித்து மாற்றுங்கள். வெள்ளம் எஞ்சின் மட்டத்துக்கு வந்த வீடுகளில் இதைத் தவறவிடவே கூடாது. மாமாவின் எண்ணெய் கறுப்புத்தான். தப்பினோம்.

அப்புறம் பற்றரி. 12 வோல்ட் பற்றரி நிறைவாக இருந்தால் மீற்றரில் 12.6 அளவு காட்டும். 12க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். பற்றரிக்குள் தண்ணீர் குறைந்திருந்தால் கடையில் விற்கும் வடித்த தண்ணீரையே ஊற்றுங்கள், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். ஹாண்டிலில் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், அது ஓஃபில் கிடக்க அரை மணி நேரம் கிக் அடித்தவன் நான்.

[காட்சி: பிளக் தொப்பி, மிக நெருக்கமாக.]

இந்தச் சைக்கிளுக்கு இரண்டு சிலிண்டர், பொறி தர இரண்டு பிளக். தாங்கியிலிருந்து வரும் பெற்றோல் குழாயை மூடிவிட்டு இரண்டையும் கழற்றித் தொப்பியில் மாட்டி, உலோக உடல் எஞ்சினில் தொடும்படி வையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கிருந்து வரும் பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். கிக் அடித்தால் நீலப் பொறி பளிச்சென்று பாய வேண்டும். இடது பக்கம் பாய்கிறது. வலது பக்கம் ஒன்றுமில்லை.

தொப்பியைத் திருகிக் கழற்றினேன். பாருங்கள், வயரின் நுனியில் பச்சைப் பாசி மாதிரி. செம்பு உப்புக்காற்றில் அரித்த நிறம். வயர் போதிய நீளம் இருந்தால் நுனியில் அரை சென்ரிமீற்றர் வெட்டி, புதுச் செம்பு தெரிந்ததும் தொப்பியைத் திரும்பத் திருகுங்கள். அவ்வளவுதான், வலது பக்கமும் பொறி வந்துவிட்டது. பலர் இந்த இடத்தில்தான் பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் கொயிலை மாற்றிக் காசை விடுகிறார்கள்.

பிளக் வெளியே இருக்கும்போதே ஒவ்வொரு துளையிலும் சில துளி எஞ்சின் எண்ணெய் விட்டு, சாவியை ஓஃப் செய்து, மெதுவாக நாலைந்து தரம் மிதியுங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள காய்ந்த ரிங்குக்கு அது நல்லது.

[காட்சி: கண்ணாடிப் போத்தலில் பெற்றோல்.]

இப்போது பெரிய வில்லன். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, வருவதைப் போத்தலில் பிடியுங்கள். பிளேன்டீ நிறம், பெயின்ட் மணம். பெற்றோலில் இலேசானது முதலில் ஆவியாகிவிடும், எஞ்சுவது பிசின். அடியில் முத்துமுத்தாக உருளுகிறதே, அது தண்ணீர். பெற்றோல் குழாயின் திருகியை ரிசர்வில் விட்டிருந்தால் தாங்கியின் அடியிலிருந்து இந்தத் தண்ணீர்தான் முதலில் இறங்கும். தாங்கியையும் முழுதாக வடித்துப் புதுப் பெற்றோல் விடுங்கள். பழையதைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள்.

கிண்ணத்தைக் கழற்றினால் சின்ன ஜெட் ஒன்று இருக்கும், பெற்றோல் போகும் நுண்துளை உள்ள திருகாணி. அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிய வேண்டும், எனக்கு இருட்டு. தையல் ஊசியால் குத்தினால் துளை பெருத்துப் போகும், அதன்பின் எஞ்சின் சீராக ஓடாது. கிளீனர் தெளித்து ஊறவிட்டு, சைக்கிள் கடையில் காற்றடித்து வாங்குங்கள். அடம்பிடித்தால் மின்வயரின் ஒற்றைச் செம்பிழை போதும். காற்று ஸ்குரூவைக் கழற்றும் முன் எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணி எழுதுங்கள். அதே எண்ணிக்கையில் திரும்ப விட வேண்டும்.

சைலன்சர் வாயையும் காற்றுப் பெட்டியையும் ஒருக்கால் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், எலி தென்னந்தும்பு அடுக்கியிருக்கும்.

[காட்சி: குளிர்ந்த எஞ்சின் எழும்பக் காற்றைக் குறைக்கும் சொக் இழுக்கப்படுகிறது. கிக்.]

மூன்றாம் கிக்கில் பிடித்தது. இந்த நீலப் புகை நாம் விட்ட எண்ணெய் எரிவது. சில நிமிடத்தில் அடங்கும். அடங்காமல் புகைந்துகொண்டே இருந்தால் ரிங், வால்வு என்று வேலை வேறு பக்கம் போகிறது. சொக்கை விட்டதும் எஞ்சின் அணைந்தால் அந்தச் சின்ன ஜெட்டில் இன்னும் பிசின் இருக்கிறது, திரும்பக் கழற்றுங்கள்.