கூம்புச் சங்கும் ஒரு விஞ்ஞானியும்

வணக்கம் நேயர்களே. பூரணை இரவில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, தண்டின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மீன் பாடுகிறது என்பார் சிலர். இல்லை, ஊரி என்ற சிறு சங்குதான் பாடுகிறது என்பார் சிலர். இன்றைக்கு அந்த ஊரிக்கு உறவான ஒரு சங்கைப் பற்றியும், அதன் பின்னாலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு விஞ்ஞானியைப் பற்றியும் பேசப் போகிறேன்.

சின்ன வயதில் நாவலடிக் கரையில் கரைவலை இழுக்கும்போது வலையின் பை போன்ற மடிக்குள் ஒரு சங்கு வந்து விழுந்தது. இரண்டு விரல் நீளம், ஐஸ்கிரீம் கோன் வடிவம், வெள்ளையில் பழுப்புக் கோடுகள். எடுக்கக் குனிந்தேன். வலை இழுத்த பெரியவர் ஒருவர், “தொடாத மனே, குத்திப் போடும்!” என்று என் கையைத் தட்டிவிட்டார். ஒரு குச்சியால் அதைப் புரட்டி அலைக்குள் தள்ளினார். அவர் பள்ளிக்கூடம் போனவரல்ல. ஆனால் அவர் சொன்னது முழுக்க உண்மை.

அதுதான் கூம்புச் சங்கு. நத்தை வேகத்தில் நகரும் ஒரு பிராணி மீன் பிடித்துத் தின்பதென்றால் எப்படி? அதன் பல்லைப் பார்க்க வேண்டும். உள்ளே துளையுள்ள ஊசி அது, நுனியில் முள்ளும் உண்டு. மீனுக்குள் அதை ஏற்றி நஞ்சைச் செலுத்தினால் மீன் அந்த இடத்திலேயே விறைத்துவிடும். இன்னொரு வகை, நம்முடைய கரைவலை மடியைப் போலவே வாயை விரித்து மீனை உள்ளே வாங்கிக்கொண்டு அப்புறம்தான் குத்தும். மனிதரைக் கொன்றிருப்பதும் இந்த வகைதான்.

பால்டொமேரோ ஒலிவேரா 1941இல் மணிலாவில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே சங்கு பொறுக்கியவர். அமெரிக்காவில் உயிர் இரசாயனம் படித்து, டி.என்.ஏ. இழைகளை ஒட்டவைக்கும் நொதியத்தைக் கண்டுபிடித்த ஆய்வில் பங்கெடுத்தார். பிறகு ஊர் திரும்பினார். அங்கே அந்த ஆய்வைத் தொடர உபகரணம் இல்லை. சரி, பெரிய உபகரணம் இல்லாமல் என்ன செய்யலாம் என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது சிறுவயதுச் சங்குதான். லூர்தஸ் குரூஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து அதன் நஞ்சைப் பிரிக்கத் தொடங்கினார்.

முதலில் கிடைத்தது ஏமாற்றம். தசையை முடக்கும் அந்த நஞ்சு நாகபாம்பின் நஞ்சு மாதிரியே வேலை செய்தது, புதிதாக ஒன்றுமில்லை. ஒலிவேரா அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, கிரெய்க் கிளார்க் என்ற இளம் மாணவர் ஒரு யோசனை சொன்னார்: நஞ்சின் கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எலியின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்திப் பார்ப்போமே. செய்தார்கள். ஒரு கூறுக்கு எலி நடுங்கியது, இன்னொன்றுக்குத் தூங்கியது. தூங்கவைத்ததற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கொனான்ரோகின்’. பிலிப்பைன்ஸ் மொழியில் ‘அந்தோக்’ என்றால் தூக்கம். உலக விஞ்ஞானச் சொல்லுக்குள் தாய்மொழிச் சொல்லை நுழைத்தார்களே, அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நடுங்கவைத்த கூறைப் பிரித்தெடுத்தவர் மைக்கல் மக்கின்ரொஷ். அப்போது அவருக்கு வயது 18, பாடசாலை முடித்து வந்த புதிது. 25 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதத் துண்டு அது. வலிச் செய்தியை முள்ளந்தண்டில் கடத்தும் நரம்பு முனைகளில் கல்சியம் நுழையும் வாசலை அடைத்துவிடுகிறது. அதிலிருந்து வந்ததுதான் சிகொனோரைட் என்ற வலிநிவாரணி. 2004 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மோர்பினைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது, மோர்பினைப் போல அடிமைப்படுத்தாது. ஆனால் குளிசையாக விழுங்க முடியாது. முள்ளந்தண்டைச் சூழ்ந்த திரவத்துக்குள் சிறிய பம்பி மூலம் செலுத்த வேண்டும், சிலருக்கு மனக்குழப்பமும் வரும். அதனால் வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்குத்தான் கொடுக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது நம் கடற்றொழிலாளர்கள் உடனே கேட்பது, “அப்ப எங்கட கடலை வழிச்சுத் துடைச்சிருவாங்களா?” நியாயமான பயம். யப்பானில் ஒரு வகைக் கடற்பஞ்சில் 600 கிலோவைக் கரைத்து எடுத்த, புற்றுநோயை எதிர்க்கும் ஹலிகொன்ரின் என்ற பொருள் வெறும் 12.5 மில்லிகிராம். அப்படியே போயிருந்தால் அந்தப் பஞ்சு இனமே மிஞ்சியிராது. ஆனால் வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறின் வேலை செய்யும் பகுதியை மட்டும் ஆய்வுகூடத்தில் கட்டியெழுப்பினார்கள். 2010இல் அது மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலின் என்ற மருந்து ஆனது. சிகொனோரைட்டும் அப்படித்தான், ஒரு சங்கும் சாகாமல் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. கடலிடம் நாம் கேட்டு வாங்குவது வரைபடத்தை மட்டும்தான். ஆனால் அந்த வரைபடம் இருக்கவேண்டுமானால் பாசிக்குடாவின் முருகைக்கற்கள் உயிரோடு இருக்கவேண்டும்.

உங்கள் வலையில் கூம்புச் சங்கு வந்தால் வெறுங்கையால் எடுக்காதீர்கள், சட்டைப் பைக்குள் போடவே வேண்டாம். அது துணியையும் துளைக்கும். குத்திவிட்டால் மாற்று மருந்து இல்லை. குத்துப்பட்ட கையை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், மூச்சைக் காப்பாற்றினால் ஆள் தப்பும். சங்கை ஒரு படம் எடுத்து, எந்தக் கரை, என்ன திகதி என்று குறித்துவிட்டுக் குச்சியால் தள்ளிக் கடலுக்குள் விடுங்கள், அந்தப் பெரியவர் செய்ததைப் போல.